கூட்டித் துடைத்த வீடு

குடும்ப நலம்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் என்னை அணுகினார். சேலை முந்தானையின் முனையில் முடிந்து வைத்திருந்த ஒரு மாத்திரையை அவிழ்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று அவருடைய மகனுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. வாயிலிட்டு மெல்லுவதுபோலப் பாவனை செய்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் பையன்.

"நான்தான் தின்னாதே என்று சொல்லி அனுப்பினேன், சிஸ்டர். எங்கள் வீட்டில் காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்கிறோம். பிள்ளைக்கு வயிற்றுவலி இல்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் இல்லை. பூச்சி இல்லாத பிள்ளைக்குப் பூச்சி மாத்திரை எதற்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஆலய வாயிலில் நின்றபடி இரண்டே வரியில் சொல்லிவிடக்கூடிய பதிலன்று. பதிலின் ஒரு பகுதி நம் ஊர் மண்ணிலும், மறு பகுதி கடல் கடந்து கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபியிலும் இருக்கிறது. ஆகவே இந்த மாதப் பகுதியை அந்தத் தாய்க்கும், அவரைப்போல் எண்ணுகிற பிற பெற்றோருக்கும் உரியதாக்குகிறேன்.

முதலில் நம் மண்ணைப் பார்ப்போம். குடலில் வாழும் புழுக்களுள் முக்கியமானவை மூன்று: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களின் குடலில் இவற்றுள் ஏதேனும் ஒன்று குடியிருக்கிறது. இனிப்புத் தின்பதனால் பூச்சி உண்டாகிறது என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அது சரியன்று. புழு இனிப்பிலிருந்து பிறப்பதில்லை. மனித மலம் கலந்த மண்ணிலிருந்தே வருகிறது.

ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் முட்டைகள் இடுகிறது. அவை மலத்தோடு வெளியேறி மண்ணில் விழுகின்றன. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்களில் அவை தொற்றும் பக்குவத்தை அடைகின்றன. பிறகு மண்ணில் விளையாடிய பிள்ளையின் நகக் கண்ணிலும், கழுவாத கீரையிலும், தரையில் விழுந்து எடுத்துத் தின்ற பழத்திலும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் புகுகின்றன. குடலில் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அங்கேயே தங்கிவிடுவதில்லை. குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, ஈரல் வழியாக நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலுக்கே திரும்பி வந்து முதிர்கிறது. சிலருக்கு இடையில் வறட்டிருமல் வருவது இதனால்தான்.

கொக்கிப்புழுவுக்கு வாய் வழி தேவையில்லை. வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தோலைத் துளைத்தே அது உள்ளே செல்லும். குடற்சுவரைக் கவ்விக்கொண்டு சொட்டுச் சொட்டாக இரத்தத்தை உறிஞ்சும். பலருக்கு வயிற்றுவலி இராது, மலத்தில் புழுவும் தென்படாது. பிள்ளை வெளுத்துப்போவான்; வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருப்பான்; ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்பார். இரத்தசோகையால் மூச்சு வாங்கும் தாய்மாரிடமும் இதே புழு இருக்கக்கூடும். ஆகவே அந்தச் சகோதரி கூறிய "வலி இல்லை, ஆகையால் பூச்சி இல்லை" என்ற கணக்குச் செல்லாது. காய்ச்சிய நீர் நல்லதே. ஆனால் பாதத்தோலுக்கு அது காவலாகாது.

இப்போது நைரோபிக்குச் செல்லுமுன் ஜப்பானில் சற்று நிற்க வேண்டும். ஏனெனில் நைரோபி மையத்தின் விதை அங்கேதான் முளைத்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் ஜப்பான் வறுமையில் கிடந்தது. மனித மலத்தையே காய்கறித் தோட்டங்களுக்கு எருவாக இட்டனர். 1949-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் உருண்டைப்புழுவைச் சுமந்துகொண்டிருந்தனர். நம் இல்லங்களில் விடுமுறை நாள்களில் வேப்பங்கொழுந்தும் விளக்கெண்ணெயும் புகட்டியதுபோல, அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்பாசி ஒன்றைக் கொதிக்க வைத்த கஷாயத்தைக் குடிக்கக் கொடுத்தனர். அதன் நாற்றத்தை முதியோர் பலர் நெடுங்காலம் மறக்கவில்லை.

ஆனால் ஜப்பானியர் கஷாயத்தோடு நின்றுவிடவில்லை. 1955-இல் ஒட்டுண்ணித் தடுப்புக்கென நாடு தழுவிய சங்கம் ஒன்றை அமைத்தனர். பள்ளிப் பிள்ளைகள் தீப்பெட்டியில் மலத்தைச் சிறிதளவு வைத்துக் கொண்டுவந்து ஆசிரியரிடம் கொடுத்தனர். பரிசோதனைக் கூடங்களில் அதைப் பார்த்து, யாருக்குப் புழு உண்டோ அவருக்கு மருந்து கொடுத்து, மறுபடியும் பரிசோதித்தனர். 1958-இல் பள்ளிச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஆசிரியர்களும் தாய்மார் சங்கங்களும் பரிசோதனைக் கூடத்தாரும் ஒரே நோக்கோடு உழைத்தனர். வீட்டுக்கு வீடு கழிப்பிடமும் வயலுக்கு வேறு எருவும் வந்தன. 1980-களுக்குள் உருண்டைப்புழுத் தொற்று நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்த அனுபவத்தை நினைவில் வைத்திருந்தவர் ஜப்பானின் பிரதமராக இருந்த ரியூதாரோ ஹஷிமோதோ. 1998-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கூடிய வல்லரசுகளின் உச்சி மாநாட்டில், ஒட்டுண்ணி நோய்களை எதிர்க்க உலக நாடுகள் ஒன்றுசேர வேண்டுமென அவர் முன்மொழிந்தார். அவர் கேட்டது வெறும் மருந்துக் கப்பல்களை அல்ல. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அந்தந்த மண்ணின் மக்களையே பயிற்றுவிக்கும் மையங்களைக் கேட்டார்.

அவ்வாறே மூன்று மையங்கள் எழுந்தன. ஆசியாவுக்கு, தாய்லாந்தின் பாங்காக்கிலுள்ள மஹிடோல் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டில் ஒன்று. கிழக்கு மற்றும் தென் ஆப்பிரிக்காவுக்கு, நைரோபியிலுள்ள கென்ய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, கானா நாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நொகுச்சி நினைவு நிறுவனத்தில் ஒன்று. கானாவில் ஏன் ஒரு ஜப்பானியர் பெயர் என்று வியப்பு வரலாம். ஹிதேயோ நொகுச்சி என்னும் அந்த விஞ்ஞானி, மஞ்சள் காய்ச்சலை ஆராய அக்ரா நகருக்குச் சென்று, அதே காய்ச்சலுக்கு ஆளாகி 1928-இல் அங்கேயே உயிர் நீத்தார். அவர் பெயரால் 1979-இல் அந்நிறுவனம் உருவாயிற்று.

நைரோபி மையம் என்ன செய்தது? பல நாடுகளிலிருந்தும் சுகாதாரத் துறையினரையும் கல்வித் துறையினரையும் வரவழைத்து, ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பித்தது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் எந்த நாட்டிலும் இவ்விரு துறையினரும் தனித்தனிக் கட்டடங்களில் தனித்தனிக் கோப்புகளோடு இருப்பவர்கள் அல்லவா! பிள்ளைகள் இருப்பதோ பள்ளியில். மருந்து இருப்பதோ மருத்துவமனையில். இரண்டுக்கும் நடுவே பாலம் ஆசிரியர்தான். அந்த ஆசிரியரைத் தயாரிப்பதே பயிற்சியின் உயிர்நாடி.

பயிற்சி ஏட்டோடு முடியவில்லை. கென்ய மலையின் அடிவாரத்தில் முவேயா என்னும் நெல் விளையும் பகுதி உள்ளது. வாய்க்கால் பாசனம், நாற்று நடவு, முழங்கால் நீரில் இறங்கி நிற்கும் ஆண்களும் பெண்களும். நம் தஞ்சை வயல்களைப் பார்ப்பதுபோலவே இருக்கும். ஆனால் அந்த வாய்க்கால்களில் வாழும் ஒருவகை நத்தை, பில்ஹார்சியா என்னும் நோயின் இளம்புழுக்களை நீரில் விடுகிறது. நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து அவை உடலுள் புகுந்து இரத்தக்குழாய்களில் வாழ்கின்றன. நல்ல வேளையாக அந்நோய் நம் நாட்டில் வேரூன்றவில்லை. அந்த முவேயாவைத்தான் மையத்தார் தங்கள் செயல்முறைக் களமாக எடுத்துக்கொண்டு, பள்ளிகள் வழியாகப் புழுக்களைக் கட்டுப்படுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்தனர்.

புழுவின் முட்டையைக் காண அங்கே கையாளும் முறைக்கும் ஓர் அழகிய வரலாறு உண்டு. சிறிதளவு மலத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மருந்தில் ஊறிய செல்லோபன் தாளால் மூடி அழுத்தி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணுவர். இதை 1954-இல் கண்டுபிடித்தவர் காதோ என்னும் ஜப்பானியர். 1972-இல் அதை அளவோடு எண்ணத்தக்கதாகத் திருத்தியவர் கட்ஸ் என்னும் பிரேசில் நாட்டவரும் அவருடைய தோழர்களும். இன்று காதோ-கட்ஸ் முறை என்றே உலகம் அதை அழைக்கிறது. விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம். பயின்ற கண்ணும் பொறுமையும் போதும். ஜப்பான் தொடங்க, பிரேசில் திருத்த, ஆப்பிரிக்கா பயன்படுத்துகிறது. மனிதகுலம் ஒரே குடும்பம் என்பதற்கு மேடைப்பேச்சைவிட இந்தச் சிறு தாள் நல்ல சான்று.

ஜப்பானின் உதவித் திட்டக் காலம் முடிந்த பின்னும் நைரோபி மையம் நின்றுவிடவில்லை. கென்ய அரசு பள்ளிகள் வழியே நாடளாவிய குடற்புழு நீக்கத்தை 2009-இல் தொடங்கி, 2012-இல் விரிவாக மறுபடி மேற்கொண்டபோது, அதன் பலனை அளந்து சொல்லும் பொறுப்பை இம்மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களே ஏற்றனர். பயிற்றுநர் ஆசிரியருக்குக் கற்பிக்க, ஆசிரியர் மாணவருக்கும் பெற்றோருக்கும் சொல்ல, குறித்த ஒரே நாளில் மாத்திரை கொடுக்கப்பட்டது. பள்ளியில் சேராத பிள்ளைகளும் அன்று வந்து பெற்றுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அறுபது இலட்சம் அளவில் பிள்ளைகள் பயனடைந்தனர். தொடக்கத்தில் ஆய்வுக்கு எடுத்த பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குக் குடற்புழு இருந்தது. ஆறு ஆண்டுகளுக்குள் அது ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைந்தது. கொக்கிப்புழு மிக வேகமாகக் குறைந்தது. உருண்டைப்புழுவோ அவ்வளவு எளிதில் விட்டுப்போகவில்லை.

புழு நீங்கினால் படிப்பு உயருமா? கென்யாவின் மேற்குப் பகுதியில் 75 பள்ளிகளில் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட மிகெல், கிரெமர் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள், மாணவர் பள்ளிக்கு வராமல் நிற்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்றனர். அந்த ஆய்வின் அளவைப்பற்றிப் பின்வந்த அறிஞர்களிடையே வாதங்கள் உண்டு. நன்மையை மிகைப்படுத்தலாகாது என்பாரும் உளர். ஆனால் அவர்கள் கண்ட ஒரு செய்தியை நாம் கருத வேண்டும். மாத்திரை உண்ணாத அண்டைப் பிள்ளைகளிடமும் புழு குறைந்தது. ஒரு பிள்ளை நலமடைந்தால் மண்ணில் விழும் முட்டைகள் குறைகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் காக்கப்படுகிறான்.

சகோதரியே, உங்கள் கேள்விக்குப் பதிலின் பாதி இதோ கிடைத்துவிட்டது. மாத்திரை உங்கள் மகனுக்காக மட்டும் அன்று; அவனோடு அதே மைதானத்தில் விளையாடும் பிள்ளைக்காகவும்தான். அந்தப் பிள்ளையின் வீட்டில் கழிப்பிடம் இல்லாமல் இருக்கலாம். அவனுடைய புழு உங்கள் மகனுடைய புழுவாக நெடுங்காலம் ஆகாது.

பயிற்சி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆப்பிரிக்காவிலேயே பாடம் உண்டு. 2008-இல் தான்சானியா நாட்டின் மொரொகோரோ பகுதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுத்தபோது சிலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் ஏற்பட்டன. மருந்து நஞ்சு என்று வதந்தி பரவியது. பெற்றோர் பள்ளிகளை முற்றுகையிட்டனர்; கலகம் மூண்டது. மருந்து உலகம் முழுதும் கொடுக்கப்படும் நல்ல மருந்துதான். ஆனால் ஏன் கொடுக்கிறோம், வெறும் வயிற்றில் உண்டால் என்ன ஆகும், யாரிடம் கேட்கலாம் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே போதுமான விளக்கம் சென்று சேரவில்லை. மாத்திரையைப் பிள்ளையின் வாயில் இடுமுன், நம்பிக்கையைப் பெற்றோரின் நெஞ்சில் இட வேண்டும். ஆலய வாயிலில் அந்தத் தாய் முந்தானையை அவிழ்த்துக் காட்டியபோது எனக்கு இதுவே உறைத்தது. தவறு அவரிடம் மட்டும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரோடு ஒவ்வொரு ஞாயிறும் பேசுகிற நானும் சொல்லவில்லை.

பதிலின் மறுபாதி இன்னும் முக்கியமானது. மாத்திரை இன்று குடலில் உள்ள புழுவைக் கொல்லும். நாளை மண்ணிலிருந்து வரப்போகும் புழுவைத் தடுக்காது. மருந்து கொடுத்து ஓராண்டு கழிவதற்குள் உருண்டைப்புழுத் தொற்று பெரும்பாலும் பழைய அளவை நெருங்கிவிடுகிறது என்று, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கின்றனர். அதனால்தான் மாத்திரை ஆண்டுதோறும் வருகிறது. அதனால்தான் மாத்திரை மட்டும் போதாது.

மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவர் சொன்ன ஓர் உவமை இங்கு நினைவுக்கு வருகிறது. ஒரு மனிதரைவிட்டு வெளியேறிய தீய ஆவி, அலைந்து திரிந்து மீண்டும் வந்து பார்க்கிறது. வீடு கூட்டித் துடைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் வெறுமையாயிருக்கிறது. உடனே தன்னிலும் கொடிய ஏழு ஆவிகளை அழைத்துக்கொண்டு வந்து குடியேறுகிறது. அம்மனிதரின் பின்னிலைமை முன்னிலைமையைவிடக் கேடாகிறது. ஆண்டவர் ஆன்மாவைக் குறித்துச் சொன்னது இது, புழுவைக் குறித்தன்று. ஆயினும், கூட்டித் துடைத்தால் போதாது, வீட்டில் நல்லது குடியேற வேண்டும் என்னும் உண்மை உடலுக்கும் பொருந்துகிறது. மாத்திரை வீட்டைக் கூட்டித் துடைக்கிறது. கழிப்பிடமும், சோப்பும், காலணியும், தாய் கற்பித்த பழக்கமும் அந்த வீட்டில் குடியேறினால்தான் பழையது திரும்பி வராது. ஜப்பான் வென்றதும் அவ்வாறே. நைரோபியில் மருந்துக் கிடங்கு கட்டுவதோடு நில்லாமல் பயிற்சி மையம் கட்டியதன் பொருளும் அதுவே. மருந்து தீர்ந்துவிடும், கற்றவர் இன்னொருவருக்குக் கற்பிப்பார்.

நம் நாட்டிலும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடைபெற்று வருகிறது. ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. கொக்கிப்புழு பெரியவர்களிடமும் மிகுதியாகத் தங்குவதால், பிள்ளைகளோடு ஊரார் அனைவருக்கும் மருந்து கொடுத்தால் தொற்றையே அறுத்துவிடலாமா என்னும் கேள்வியை எடுத்துக்கொண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் சில ஆண்டுகள் ஆய்வு நடத்தினர். அதே ஆய்வு ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் நடைபெற்றது. நம் மலைவாழ் மக்களும் ஆப்பிரிக்கச் சிற்றூரார்களும் ஒரே ஆய்வேட்டில் அண்டை வீட்டார் ஆயினர்.

இனி, இல்லந்தோறும் செய்யத்தக்கவை சில.

மாத்திரை தரும் நாளில் பிள்ளைக்கு உணவு கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். மாத்திரையை நன்றாக மென்று விழுங்கச் சொல்லுங்கள். ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பாதி மாத்திரையை நசுக்கி நீரில் கலந்து தருவர். காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் அன்று வேண்டாம். குணமான பின் வாங்கிக்கொள்ளலாம். புழு மிகுதியாக உள்ள பிள்ளைக்குச் சிறிது வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம். பெரும்பாலும் தானாகவே தணிந்துவிடும். தணியாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கருவுற்ற தாய்மார் மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரையை உண்ணலாகாது.

உண்ணுமுன்னும் கழிப்பிடம் சென்று வந்த பின்னும் சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கத்தைப் பிள்ளைக்குச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் காட்டுங்கள். வாரந்தோறும், சனிக்கிழமை மாலையில், மறுநாள் திருப்பலிக்கு உடை எடுத்து வைக்கும்போதே நகத்தையும் வெட்டிவிடலாம். கீரையையும் பச்சையாகத் தின்னும் காய்களையும் பலமுறை கழுவுங்கள். தோட்டத்துக்கும் வயலுக்கும் செல்பவர் காலணி அணியட்டும். சிறு குழந்தையின் மலம் தீங்கற்றது என்று எண்ணி வாசலில் எறிந்துவிடாதீர்கள். அதையும் கழிப்பிடத்திலேயே சேருங்கள்.

பங்கு அளவில் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. அன்பியக் கூட்டங்களிலும் மாதர் சங்கக் கூட்டங்களிலும் ஒருநாள் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பங்கில் ஆசிரியர்களும் செவிலியரும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பு நடக்கும் இடத்திலும் ஆலய வளாகத்திலும் பிள்ளைகள் பயன்படுத்தத்தக்க கழிப்பிடம் உள்ளதா, அதில் நீரும் சோப்பும் உள்ளனவா என்று பாருங்கள். திருவிழாவுக்கு ஆலயத்தை வண்ண விளக்குகளால் அலங்கரிக்கிறோம். அந்த மின் விளக்குச் செலவில் ஒரு சிறு பகுதி போதும். பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பிடத்தை ஆண்டு முழுதும் தூய்மையாய் வைத்திருக்கலாம். தம் சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர் இதை இழிந்த பணி என்று எண்ணமாட்டார்.

அந்தத் தாயிடம் அன்று ஒன்று மட்டும் சொன்னேன்: "முந்தானையில் முடிந்த மருந்து யாருக்கும் உதவாது, அம்மா. நாளைக்குப் பையனைப் பள்ளிக்கு அனுப்பும்போது ஆசிரியரிடம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியையும் அவரிடம் கேளுங்கள்." அடுத்த ஞாயிறு அவர் வந்தார். மகன் மாத்திரையை உண்டுவிட்டான் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "எங்கள் தெருவில் மூன்று வீட்டாருக்குக் கழிப்பிடம் இல்லை, சிஸ்டர். அதற்கு யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்.

முதல் ஞாயிறு தம் பிள்ளையைப் பற்றிக் கேட்டவர், மறு ஞாயிறு பிறர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். மனுவை இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.